ஓர் ஏக்கரில் 60 வீடு: தோட்டப் பட்டணத்தில் சிறிய, மலிவு விலை அடுக்குமாடி கட்டுவது பற்றிக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஒரு தோட்டம் கைமாறி, தொழிலாளர்களை லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்ன பிறகு பட்டணத்துக்குள் ஒரு துண்டு நிலம் கிடைக்கும். பெரும்பாலும் அது நீளமாக, ஒடுங்கலாக, ஒரு பக்கம் கடைவரிசையும் மறுபக்கம் பெரிய கால்வாயுமாக இருக்கும். வீடமைப்புக் கூட்டுறவுக் கழகங்களும், வீடு வாங்கப் போகிறவர்களும், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் இளைஞர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எடுத்துக்காட்டுக்குப் பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் போன்ற ஊரில் 40 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள, ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டோம். நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓடுகிறது.

கட்டட அளவுகள் 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்களை ஒட்டியவை. ஒவ்வொரு மாநிலமும் அதைத் தனியாக அரசிதழில் ஏற்றிக்கொண்டது, திருத்தங்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எனவே உங்கள் நகராண்மைக் கழகத்தில் இன்று நடப்பில் உள்ள பதிப்போடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

ஓர் ஏக்கரில் உண்மையில் எத்தனை வீடு வரும்?

நகராண்மைக் கழகம், அதாவது மன்றம், அனுமதிக்கும் அடர்த்தி ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணிக்கையை முடிவு செய்வது கார்களும் தீயணைப்பு வண்டியும் கழிவுநீரும்தான். வீட்டை முதலில் வரைந்துவிட்டு இவற்றை மிஞ்சிய இடத்தில் திணிப்பவர்கள் மூன்றாவது வரைபடத்திலாவது திரும்பி வருவார்கள்.

40 மீட்டர் அகலத்தை இப்படிப் பிரிக்கலாம். ஒரு பக்கம் தீயணைப்பு வண்டி வந்து நிற்க 12 மீ, கட்டடம் 22.8 மீ, மறுபக்கம் வடிகாலுக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் 5.2 மீ. கட்டடத்துக்குள் இரண்டு வரிசை வீடுகள், ஒவ்வொன்றும் 8.4 மீ ஆழம். நடுவில் வானம் பார்த்த திறப்பு 3 மீ, அதன் இருபுறமும் வீட்டு வாசல்களுக்கு முன்னால் ஓடும் பொது நடைபாதை, அதாவது கோரிடோர், 1.5 மீ. கூட்டிப் பாருங்கள், 22.8 வரும்.

ஒரு வீட்டின் அகலம் 7.5 மீ என்றால் வரிசைக்கு ஏழு கட்டங்கள், 52.5 மீ நீளம். வரிசைக்கு ஒரு கட்டம் மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் போய்விடும். மாடிக்கு 12 வீடு மிஞ்சும். தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டு, மேலே ஐந்து மாடி எழுப்பினால் 60 வீடு. முன்பக்கம் சாலைக்கு 6 மீ விட்டால் பின்னால் 41.5 மீ நிலம் இருக்கும். திறந்தவெளிக்குப் பெரும்பாலும் கேட்கப்படும் 10 சதவீதம், மிச்சக் கார்கள், கழிவுநீர் நிலையம், மின்வாரியத்துக்குக் கொடுக்கவேண்டிய துண்டு, குப்பை அறை எல்லாம் அங்கேதான் உட்கார வேண்டும். 80 வீடு போடுவோம் என்று யாராவது சொன்னால், அந்த 41.5 மீட்டரில் எதை எடுக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

அது என்ன 7.5 மீட்டர்? கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் என்ன?

மேலே வீடு, கீழே கார். தூண் இரண்டுக்கும் பொது. 30 சென்டிமீட்டர் தூணைக் கழித்தால் 7.2 மீ கிடைக்கும், அதில் 2.4 மீ அகலக் கார் நிறுத்தம் மூன்று சரியாக விழும். அகலத்தை 7.2 மீட்டராகக் குறைத்தால் மூன்று காரில் ஒன்று போகும். மன்றம் 2.5 மீ நிறுத்தம் கேட்டால் வீட்டை 7.8 மீ அகலமாக்கி, ஆழத்தை 8.1 மீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள், பரப்பு ஏறத்தாழ மாறாது.

குறுக்குவாக்கிலும் இதே கணக்குதான். நடுத் திறப்பும் இரண்டு கோரிடோரும் சேர்ந்து 6 மீ, அதற்கு நேர் கீழே கார் ஓடும் பாதை. அதன் இருபுறமும் 4.8 மீ நீளக் கார் நிறுத்தம், அதற்கும் வெளியே 3.6 மீ பட்டை. அந்தப் பட்டையில் 1 மீ அகலம், 2 மீ நீளம் என்று மோட்டார் நிறுத்தங்கள் போட்டாலும் தள்ளிக்கொண்டு போக 1.6 மீ வழி இருக்கும். படிக்கட்டுப் பகுதியைக் கழித்தால் கூரைக்குக் கீழே 36 கார். வீட்டுக்கு ஒன்று என்றால் மிச்சம் 24 கார் பின்புறத்தில். ஓடுபாதையோடு சேர்த்து ஒரு காருக்கு 27 சதுர மீட்டர் வைத்தாலும் அது 650 சதுர மீட்டர் தின்றுவிடும்.

சுவரே பாரம் தாங்கும் வார்ப்பு முறை வேகமானது, மலிவானது. ஆனால் அந்தச் சுவர்கள் நேராகக் கார் நிறுத்தத்தின் நடுவில் இறங்கும். தடுக்க இடையில் கனமான பாரமாற்று விட்டம் போட வேண்டும், மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். தரைத்தளத்தில் கார் வேண்டுமென்றால் தூணும் விட்டமும், இடையில் செங்கல் அல்லது பிளாக் சுவரும் என்பதே எங்கள் கட்சி.

63 சதுர மீட்டரில் மூன்று அறை எப்படி அடங்கும்?

மலிவு விலை அடுக்குமாடிக்கான 1998ஆம் ஆண்டுத் தேசிய வீடமைப்புத் தரம் சொல்லும் குறைந்த அளவு 63 ச.மீ., மூன்று படுக்கையறை. அரசாங்கத்தின் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகள் 700 சதுர அடி, அதாவது 65 ச.மீ. 7.5 × 8.4 சரியாக 63. அடங்கக்கூடிய ஒரு பங்கீடு இது:

ஹால், சாப்பாட்டு இடம், வாசல் எல்லாம் சேர்ந்து 21.6 ச.மீ.
முதல் படுக்கையறை 3.0 × 3.4 மீ, 10.2 ச.மீ.
இரண்டாவது 2.7 × 3.0 மீ, 8.1 ச.மீ.
மூன்றாவது 2.4 × 2.8 மீ, 6.7 ச.மீ.
சமையலறை 1.8 × 3.0 மீ, 5.4 ச.மீ.
குளியலறை 1.2 × 1.7 மீ, 2.0 ச.மீ.
கழிப்பறை 0.9 × 1.6 மீ, 1.4 ச.மீ.
துணி காயவைக்கும் இடம் 1.5 × 1.8 மீ, 2.7 ச.மீ.

கூட்டினால் 58.1. மிச்சம் 4.9 சுவருக்கு. தனி நடைவழி என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக ஹாலைத்தான் கடக்க வேண்டும். சிறிய வீட்டில் 1 மீட்டர் அகல நடைவழி 4 மீட்டர் ஓடினால் ஒரு சமையலறையே காணாமல் போகும்.

சட்டம் கேட்பது முதல் அறைக்கு 11 ச.மீ., இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5, எந்த அறையும் 2 மீட்டருக்குக் குறுகக்கூடாது. சமையலறைக்கு 4.5 ச.மீ., 1.5 மீ அகலம். இங்கே ஹால் முதல் அறையாகக் கணக்கில் வரும். ஆனால் சட்டத்துக்கு அடங்குவது வேறு, கட்டில் அடங்குவது வேறு. 1.52 × 1.9 மீ கட்டிலை 3 மீ அகல அறையில் போட்டால் பக்கத்தில் 1.48 மீ மிஞ்சும், 60 செ.மீ. அலமாரி போக 88 செ.மீ. நடக்க. கதவை மூலையிலிருந்து 65 செ.மீ. தள்ளி வைத்தால்தான் அலமாரி கதவுக்குப் பின்னால் நிற்கும். வரைபடத்தில் கதவு மூலையோடு ஒட்டியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். செலவே இல்லாத திருத்தம் அது.

குளியலும் கழிப்பும் தனித்தனியாக இருக்கட்டும். காலை ஐந்தரைக்கு மூன்று பேர் வேலைக்கும் இரண்டு பேர் பள்ளிக்கும் கிளம்பும் வீட்டில், இரண்டையும் ஒன்றாக்கி மிச்சப்படுத்தும் அரை சதுர மீட்டருக்கு மதிப்பே இல்லை.

எந்த அறை கோரிடோர் பக்கம், எந்த அறை வெளிப்பக்கம்?

வெளிப்பக்கம் 7.5 மீட்டரில் முதல் அறை 3.0, இரண்டாவது 2.7, துணி காயும் இடம் 1.5, மிச்சம் சுவர். சமையலறை துணி காயும் இடத்துக்குப் பின்னால், அதன் வழியாகவே காற்றும் வெளிச்சமும். கோரிடோர் பக்கம் வாசல், ஹால் ஜன்னல், மூன்றாவது அறை, குளியலறை, கழிப்பறை. வாசல் கிரில் வழியாக வரும் காற்று ஹாலையும் சமையலறையையும் கடந்து மறுபக்கம் வெளியேறும். தாளிக்கிற புகை பக்கத்து வீட்டு ஹாலுக்குப் போகாமல் வெளியே போவதும் இந்த ஏற்பாட்டில்தான். சமையலறையைக் கோரிடோர் பக்கம் வைத்த கட்டடங்களில் நெத்திலி வறுத்தால் ஐந்து மாடிக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஹாலின் வெளிச்சம். ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 சதவீதமும், காற்று போகத் திறக்கும் பகுதி 5 சதவீதமும் இருக்க வேண்டும். 21.6 ச.மீ. ஹாலுக்கு 2.16 ச.மீ. ஜன்னல், அதாவது 1.6 × 1.4 மீ. காகிதத்தில் போதும். ஆனால் மேல்மாடிக் கோரிடோர் அந்த ஜன்னலுக்குக் குடை பிடிக்கிறது, எதிரே 3 மீ திறப்பு, மேலே இன்னும் நாலு மாடி. முதல் மாடி ஹாலில் பகலிலும் விளக்கு எரியும்.

காற்றுக்கிணறு, அதாவது இந்த நடுத் திறப்பு, ஆறு மாடி வரை 11 ச.மீ., 2.5 மீ அகலம் இருந்தால் சட்டம் விட்டுவிடும். அதோடு திருப்திப்படாதீர்கள். திறப்பைத் துண்டு துண்டாக்காமல் கட்டட நீளம் முழுக்க ஓட விடுங்கள், கோரிடோர்களை இணைக்கும் பாலம் இரண்டு இடத்தில் போதும். உள்சுவர்களுக்கு வெள்ளைப் பூச்சு. தடுப்புச்சுவரை முழுக்க கான்கிரீட்டாக அடைக்காமல், 1.1 மீ உயரத்துக்கு நேர்க்கம்பி, இடைவெளி 10 செ.மீ.க்குள். குறுக்குக் கம்பி போட்டால் பிள்ளைகளுக்கு ஏணி. திறப்பின் அடியில் ஓடுபாதை இருப்பதால் மழைநீர் வடிகால் அங்கே அகலமாக வேண்டும். மேலிருந்து விழும் குப்பையும் அங்கேதான் வரும், எனவே வடிகால் மூடியைக் கையால் தூக்கிச் சுத்தம் செய்ய முடிய வேண்டும்.

வெயில் சூடு?

நிலம் கிழக்கு மேற்காக நீண்டிருப்பது அதிர்ஷ்டம். ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். தெலுக் இந்தான் பூமத்திய ரேகைக்கு 4 பாகை வடக்கே இருக்கிறது. நடுப்பகல் சூரியன் ஜூனில் வடபுறம் 70 பாகை உயரத்திலும், டிசம்பரில் தென்புறம் 63 பாகை உயரத்திலும் நிற்கும். ஆகவே இரண்டு முகத்துக்கும் நிழல் வேண்டும். 60 செ.மீ. நீட்டிய மறைப்பு டிசம்பரிலும் ஏறத்தாழ 1.2 மீ உயர ஜன்னலை முழுக்க மறைக்கும். வடக்கு தெற்காக நீண்ட நிலம் என்றால் 60 செ.மீ. மறைப்பு மாலை நாலு மணி வெயிலுக்கு ஒன்றும் செய்யாது. அங்கே படிக்கட்டு, கழிப்பறை, துணி காயும் இடம் ஆகியவற்றை மேற்கே தள்ளுவதே வழி.

மாடிக்கு மாடி 2.9 மீ வையுங்கள். 15 செ.மீ. தளம் போக 2.75 மீ கிடைக்கும். சட்டம் 2.5 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளும், ஆனால் விசிறி மாட்டியபின் அந்த 25 செ.மீ. அருமை தெரியும். ஏர்கோன் பிற்பாடு எல்லாரும் மாட்டுவார்கள். வெளிச்சுவரில் 90 × 50 செ.மீ. திண்ணையும் தண்ணீர் வடியும் குழாயும் முன்கூட்டியே இல்லாவிட்டால், இரும்புத் தாங்கியில் தொங்கும் பெட்டிகளிலிருந்து கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டும்.

நிலம் களிமண். அத்திவாரத்துக்கு என்ன செய்வது?

தெலுக் இந்தான் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் பட்டணத்தின் நடுவிலேயே நிற்கிறது, உச்சியில் தண்ணீர்த் தொட்டியோடு. மேற்குக் கரையோரத் தோட்டப் பட்டணங்கள் பலவற்றின் கீழே இதே மாதிரி மென்மையான கடற்களிமண்தான்.

கட்டடம் சாய்வது இன்று அபூர்வம், ஏனென்றால் எல்லாரும் பைல் (கெட்டி மண்வரை இறக்கும் நீண்ட அத்திவாரத் தூண்) அடிக்கிறார்கள். 20 மீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போவது இங்கே புதிதல்ல. மண்ணைத் துளையிட்டு ஆராயும் குழி கட்டடத்தின் இரண்டு முனையிலும் நடுவிலும் வேண்டும், ஒரே குழியை வைத்துக்கொண்டு நீளம் முடிவு செய்தால் பைல் மிஞ்சும் அல்லது பற்றாது. உண்மையான தொல்லை கட்டடத்தைச் சுற்றி வரும். வெள்ளத்துக்குப் பயந்து நிலத்தை 1 மீட்டர் மேடாக்குவார்கள். 1 மீட்டர் மண் சதுர மீட்டருக்கு 1.8 முதல் 2 டன். ஒரு மாடி கான்கிரீட் வீட்டின் எடையே ஏறத்தாழ 1 முதல் 1.2 டன்தான். அந்தப் பாரத்தில் களிமண் ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். பைல் மேல் நிற்கும் கட்டடம் அமுங்காது. இடையில் உள்ளவை கிழியும்: வாசல் படி தொங்கும், வடிகால் பின்னோக்கிச் சாயும், கழிவுநீர்க் குழாய் சுவரை விட்டு வெளியேறும் இடத்தில் உடையும். போதாததற்கு, அமுங்கும் மண் பைலையும் கீழே இழுக்கும். அந்த இழுவிசையைப் பொறியாளர் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தேவைக்கு மேல் மண் கொட்டாதீர்கள். தரைத்தளத்தில் வீடு இல்லாமல் கார் மட்டும் நிறுத்துவதால் வெள்ளத்துக்கும் ஓரளவு தப்பிக்கலாம், மேடாக்கும் உயரமும் குறையும். கொட்டியே ஆகவேண்டுமென்றால் கட்டடம் தொடங்கச் சில மாதம் முன்பே கொட்டி அமுங்க விடுங்கள். குழாய்கள் சுவரை விட்டு வெளியேறும் இடத்தில் வளைந்துகொடுக்கும் இரட்டை இணைப்பு போடுங்கள். மின்சாரப் பலகையும் பம்பும் தரையிலிருந்து வெள்ள மட்டத்துக்கு மேலே.

பக்கத்தில் பழைய கடைவரிசை இருந்தால் பைலைச் சம்மட்டியால் அடிக்காமல் அழுத்தி இறக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வேலை தொடங்கும் முன்பே கடைச்சுவர்களின் ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு படம் பிடித்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பத்து வருஷத்து விரிசலும் உங்கள் கணக்கில் எழுதப்படும்.

கழிவுநீரை எங்கே விடுவது?

வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கணக்குப் போடுவார்கள். 60 வீட்டுக்கு 300 பேர், 67,500 லிட்டர். பெரிய பட்டணத்தில் சாலையோரக் குழாயில் இணைத்துவிடலாம். தோட்டப் பட்டணத்தில் அந்தக் குழாய் பெரும்பாலும் இருக்காது, சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டும். அதைச் சுற்றி வீடுகளுக்கு இடைவெளி விடச் சொல்வார்கள், திறந்த வகைக்கு அதிகம், முழுக்க மூடிய வகைக்குக் குறைவு. ஓர் ஏக்கர் நிலத்தில் திறந்த வகை போட்டால் வீடு கட்ட இடமிருக்காது. ஆகவே மூடிய வகைதான், அதன் மின்கட்டணமும் காற்றூதியின் பழுதுச் செலவும் சேர்த்து. நிலம் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பலர் கடைசியில் கேட்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டி?

தண்ணீர்த் தடை வரும் ஊர்களில் வீட்டுக்கு 1,000 லிட்டர் கையிருப்பு வைப்பது நல்லது. மொத்தம் 60 டன். அத்தனையையும் கூரையில் ஏற்றாமல் மூன்றில் இரண்டு பங்கைத் தரையில் வைத்து, 20 டன்னை மட்டும் மேலே, படிக்கட்டுச் சுவர்களின் மேல் உட்கார வையுங்கள். தொட்டியின் அடிமட்டம் மேல்மாடிக் குழாய்க்கு 2 மீட்டர் மேலே இருந்தால் ஷவரில் நூல் நூலாகத்தான் வரும். மேல்மாடிக்கு மட்டும் சிறிய அழுத்த பம்பு வைக்க வேண்டியிருக்கும். பம்பு எப்போதும் ஜோடியாக.

லிஃப்ட் அவசியமா? ஒன்று போதாதா?

நாலு மாடி, ஐந்து மாடிப் பழைய ஃபிளாட்டுகள் லிஃப்ட் இல்லாமலே கட்டப்பட்டன. அப்போது ஏறியவர்களுக்கு இன்று முழங்கால் வலி. வெளிக்காட்டில் முப்பது வருஷம் ரப்பர்ப் பால் வெட்டிய கால்கள் அவை. தரைத்தளத்தைக் காருக்குக் கொடுத்துவிட்ட இந்தக் கட்டடத்தில் எல்லா வீடுமே மேலே இருப்பதால் லிஃப்ட் கட்டாயம். ஒரே லிஃப்ட் என்றால் அது பழுதாகும் நாளில் ஐந்தாம் மாடி முதியவர் கைதி. இரண்டு வையுங்கள்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எட்டுப் பேர் போகும் சாதாரண லிஃப்டின் உள்ளளவு 1.1 × 1.4 மீ. ஆம்புலன்ஸ் படுக்கை நுழையாது. சவப்பெட்டி ஏறத்தாழ 2 மீட்டர், அதுவும் நுழையாது. நம் வீடுகளில் சாவு வீட்டில்தான் நடக்கிறது, பெட்டி மேலே வந்தாக வேண்டும், இறங்கியாக வேண்டும். இரண்டில் ஒன்றையாவது 13 பேர் போகும், 1.1 × 2.1 மீ உள்ளளவு கொண்டதாகப் போடுங்கள். மின்சாரம் போன நாளுக்காகப் படிக்கட்டும் தயாராக இருக்கட்டும்: அகலம் 1.2 மீ, திரும்பும் தளம் 1.8 மீ ஆழம். படி உயரம் 18 செ.மீ.க்கு மிகாமல், மிதி 25.5 செ.மீ.க்குக் குறையாமல் என்கிறது சட்டம். 2.9 மீ உயரத்துக்கு 17 படி, ஒன்பதும் எட்டுமாகப் பிரித்தால் உயரம் 17 செ.மீ. சொச்சம்.

தீயணைப்புப் படை என்ன கேட்கும்?

7,000 கன மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குப் பொம்பா (தீயணைப்புப் படை) வண்டி வந்து நிற்க 12 மீ அகல வழி வேண்டும். 52.5 × 22.8 × 17.4 மீ ஏறத்தாழ 20,800 கன மீ. 28,000 வரை சுற்றளவில் ஆறில் ஒரு பங்குக்கு அந்த வழி இருந்தால் போதும். நம் சுற்றளவு 150.6 மீ, தேவை 25 மீ சொச்சம். ஒரு நீளப்பக்கம் முழுக்க 52.5 மீ இருக்கிறது. அதில் கார் நிறுத்தக் கோடு போடாத வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு மாடிப்படிகள் வேண்டும், அதனால்தான் வரிசைக்கு ஒரு கட்டம் விட்டோம்.

மேல்வீட்டுக் குளியலறை ஒழுகாமல் இருக்க?

மலிவு வீட்டில் அண்டை அயல் சண்டைக்கு முதல் காரணம் இது. ஒழுகுவது பெரும்பாலும் தளத்தின் நடுவில் இல்லை, தளத்தைக் குழாய் துளைக்கும் இடத்திலும், தளமும் சுவரும் சேரும் மூலையிலும்தான்.

ஈர அறையின் தளத்தை 5 செ.மீ. தாழ்த்தி வார்த்துவிடுங்கள். குழாய் துளையை வார்க்கும்போதே உறை வைத்து விடுங்கள், பிற்பாடு உடைத்த துளை ஒருபோதும் சரியாக அடைபடாது. துளையைச் சுற்றிச் சுருங்காத சிமெண்டுக் கலவை, மூலைகளில் சாய்வு விளிம்பு, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, சுவரில் 30 செ.மீ. வரை, குளிக்கும் பக்கம் ஆள் உயரம் வரை. காய்ந்ததும் வடிகாலை அடைத்து 5 செ.மீ. தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்மாடிக் கூரையைப் பார்த்த பிறகே டைல்ஸ். ஒப்பந்தக்காரர் 24 மணி போதும் என்பார். மெதுவான கசிவு இரண்டாம் நாள்தான் தெரியும். 60 வீடு, 120 ஈர அறை, எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை. மாதிரிக்கு நாலு அறை பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். டைல்ஸ் சாய்வு 100க்கு 1, துவாரத்தை நோக்கி. வாசலை நோக்கிச் சாய்ந்த குளியலறைகளும் உண்டு.

இந்த அமைப்பில் குளியலும் கழிப்பும் கோரிடோர் பக்கம் இருப்பதால் நெடுங்குழாயைக் கோரிடோரில் திறக்கும் அலமாரிக்குள் விடலாம். குழாய் அடைத்தால் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

குடியேறிய பிறகு ஒழுகினால், 2015ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைகளின்படி, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல்வீடே மூலம் என்று கொள்ளப்படும். எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும்.

சாமி மேடை, வாஸ்து இதற்கெல்லாம் இடமுண்டா?

ஒரே வீட்டைக் கண்ணாடி போல் திருப்பித் திருப்பி வைத்துத்தான் வரிசை அமைகிறது. ஒரு வீட்டின் சமையலறை தென்கிழக்கில் விழுந்தால் பக்கத்து வீட்டில் தென்மேற்கில் விழும். எல்லா வீட்டுக்கும் வாஸ்து பொருந்தும் என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம்.

செய்யக்கூடியது வேறு உண்டு. ஹாலில் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் உள்ள மாடத்துக்குச் சுவரை ஒதுக்குங்கள். அந்தச் சுவரின் மறுபுறம் கழிப்பறை வரக்கூடாது. அடுத்த வீட்டின் கழிப்பறையும் கூடாது, வரைபடத்தில் இதை இரண்டு வீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பின்சுவர் சிமெண்டாக இருக்கட்டும், விளக்கு எரியும் இடத்தில் பலகைத் தடுப்பு ஆபத்து. மேலே ஒரு மின்முனை. வாசலுக்கு வெளியே 60 செ.மீ. பட்டையை டைல்ஸ் ஒட்டாமல் சிமெண்டாகவே விட்டால் கோலமாவு பிடிக்கும், மழைச்சாரலில் வழுக்கவும் செய்யாது. அம்மி, உரல் கொண்டுவருகிறவர்கள் அடியில் கனமான ரப்பர் பாய் போட வேண்டும். 15 செ.மீ. கான்கிரீட் பேச்சுக்குரலை நிறுத்தும், இடிக்கும் சத்தத்தை நிறுத்தாது.

சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கலாமா?

தூண் விட்டக் கட்டடத்தில் உட்சுவரைப் பொறியாளர் பார்த்தபின், நிர்வாகமும் மன்றமும் அனுமதித்தால் முடியும். சுவரே பாரம் தாங்கும் கட்டடத்தில் ஒரு ஜன்னல் கூட வெட்டக்கூடாது. வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு வரும்?

கட்டணத்தை வரைபட மேசையிலேயே குறைக்க வேண்டும், பிற்பாடு முடியாது. மாதம் 50 ரிங்கிட் என்று வைத்தால் 60 வீட்டுக்கு 3,000. இதிலிருந்து இரண்டு லிஃப்ட், பம்பு, கழிவுநீர் நிலையம், பொதுவிளக்கு, துப்புரவு, காப்புறுதி. 15 வீட்டார் கட்டணம் செலுத்தாமல் விட்டால் 2,250 ஆகிவிடும், முதலில் நிற்பது லிஃப்ட் பராமரிப்புத்தான். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் கட்டணத்தின் 10 சதவீதத்துக்குச் சமமான தொகை சிங்கிங் ஃபண்டுக்கு (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு) தனியாகப் போகும். மாதம் 300, பத்து ஆண்டில் 36,000. ஆறு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கவும் லிஃப்ட் கயிறு மாற்றவும் இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவது?

அதனால் செலவைக் கட்டும்போதே வெட்டுங்கள். இயற்கை வெளிச்சம் விழும் கோரிடோருக்குப் பகலில் விளக்கு வேண்டாம். காற்றோட்டமான தரைத்தளத்துக்கு விசிறி இயந்திரம் வேண்டாம். வெளிச்சுவரில் பெயிண்ட் உரியும் அலங்காரப் பட்டைகள் வேண்டாம். தண்ணீர் மீட்டர் வீட்டுக்கு ஒன்று, கோரிடோரில்.

சாவி வாங்கும் நாளில் எதைப் பார்க்க வேண்டும்?

2007 முதல் கட்டட நிறைவுச் சான்றிதழைத் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் வழங்குகிறார். அது இல்லாமல் சாவி வாங்காதீர்கள். அடுக்குமாடிக்கான வழக்கமான விற்பனை ஒப்பந்தத்தில் ஒப்படைப்புக்கு 36 மாதமும், ஒப்படைத்த பின் குறைபாடுகளைச் செலவின்றிச் சரிசெய்ய 24 மாதமும் உண்டு.

போகும்போது ஒரு வாளி, ஒரு கோலிக்குண்டு, ஒரு டார்ச் விளக்கு, கைப்பேசிச் சார்ஜர் எடுத்துப் போங்கள். குளியலறையின் நாலு மூலையிலும் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடத்தில் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தரையில் கோலிக்குண்டை வைத்தால் துணி காயும் இடத்தில் துவாரத்தை நோக்கி உருள வேண்டும், சமையலறைக்குள் வரக்கூடாது. டைல்ஸைக் காசால் தட்டினால் உள்ளே காலியான இடம் வேறு சத்தம் கொடுக்கும். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் பூச்சின் மேடு பள்ளம் தெரியும். எல்லா மின்முனையிலும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இழுங்கள், குளியலறைத் துவாரத்தில் குமிழி வந்தால் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது. குறைகளைப் படத்தோடும் தேதியோடும் பட்டியலிட்டு, ஒப்படைக்கும் அலுவலரிடம் இரண்டு பிரதியிலும் முத்திரை வாங்கி, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.